விரிப்பின் இடது மூலை

படுக்கை விரிப்பு மடிக்கும்போதெல்லாம் உங்களில் ஒருவரைக் கூப்பிடுவேன். இரண்டு மூலைகளை நான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் உங்கள் பக்கம் எறிவேன். முதலில் உங்கள் இடது கைப் பக்கத்து மூலை, பிறகு வலது. அப்போது நான் உங்கள் கையைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பேன். சின்னவள் ஒருநாள், "அப்பா, ஏன் எப்பவும் லெப்ட்தான் முதல்?" என்று கேட்டாள். "அது அப்பாவின்ரை பழக்கம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன மாதம் பெரியவன், கிழக்கு லண்டன் பார்க்கிங்கில் இருக்கும் பொக்ஸிங் கிளப்பில் சேரப்போவதாகச் சொன்னான். "ஏலாது" என்றேன். காரணம் கேட்டான். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தப் பழக்கத்துக்கும் இந்த "ஏலாது"வுக்கும் காரணம் ஒரே ஆள்தான். பேசினால் எங்கேயாவது நின்றுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நீங்கள் படித்த தமிழே இதை வாசிக்கப் போதும்.

எண்பதுகளின் நடுவில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். குரோய்டனில் அகதி மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம். வேலை செய்யலாம் என்ற அனுமதி கிடைத்ததும் மன்னாரைச் சேர்ந்த ஒரு அண்ணை, தான் வேலை செய்த ஹோட்டலில் என்னைச் சேர்த்துவிட்டார். லண்டனின் மேற்குப் பக்கத்தில் பெரிய ஹோட்டல். ஆனால் அதன் முன்வாசலைப் பல மாதங்களாக நான் கண்டதில்லை. பின்பக்கத்து இரும்புக் கதவால் படியிறங்கினால் நேராக லோண்ட்ரி. ஒரு பக்கம் தோய்க்கும் மெசின்கள், மறுபக்கம் காயவைக்கும் மெசின்கள், நடுவில் விரிப்புகளைச் சூட்டில் அழுத்தி மினுக்கும் நீண்ட உருளை. யன்னல் கிடையாது. வெளியே பனி கொட்டினாலும் நாங்கள் பெனியனோடுதான் நிற்போம்.

மேலே அறை துப்புரவாக்குபவர்கள் அழுக்குத் துணிகளைச் சுவருக்குள் இருந்த பெரிய குழாயில் போட, அவை எங்கள் காலடியில் பொத்தென்று வந்து விழும். சில நேரம் பழைய பத்திரிகைகளும் அவற்றுக்குள் சிக்கி வரும். மேலே இருப்பவர்களைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் அந்தக் குழாயால் வந்ததுதான். ஆர் குடித்தது, ஆர் அழுதது, ஆருக்கு வருத்தம் என்பதெல்லாம் துணியில் தெரியும்.

ஒருநாள் பின்னேரம், தொப்பி போட்ட ஒரு கிழவர் படியால் இறங்கி வந்தார். பின்னால் ஒரு பெடியன். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் குப்பை போடும் கறுப்புப் பிளாஸ்டிக் பை. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. ஹோட்டலில் வியர்க்க வைக்கும் சூட்டு அறை ஒன்று உண்டு, அது பழுதாகிவிட்டதாம். "இவன் கொஞ்ச நேரம் உங்கள் மெசின்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மனேஜர் ஓம் என்றுவிட்டார்" என்று கிழவர் இங்கிலீஷில் சொன்னார்.

அண்ணை பெடியனின் முகத்தைப் பார்த்தார்.

"உவனுக்குக் காய்ச்சல் தம்பி. கண்ணைப் பார், உள்ளுக்குப் போயிட்டுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு கோப்பை தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். பெடியன் கோப்பையைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுடைய கை தானாக எழும்பியது. அதற்குள் கிழவர் பாய்ந்து வந்து கோப்பையைப் பிடுங்கித் தரையில் ஊற்றினார்.

"நாளைக்கு. எடை பார்த்த பிறகு" என்றார்.

அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "தவக்காலமும் முடிஞ்சுது. உவன் என்னத்துக்கு ஒருசந்தி இருக்கிறான்?" என்று என்னைக் கேட்டார். அவர் வேதக்காரர், கத்தோலிக்கர். எனக்குத் தெரிந்தது கந்தசஷ்டி விரதம். எங்கள் இருவருக்கும் தெரிந்த அளவில், தண்ணீரும் குடிக்காமல் இருப்பவன் கடவுளுக்கு நேர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகுதான் விளங்கியது. அவன் மெக்சிக்கோவிலிருந்து வந்த குத்துச்சண்டைக்காரன், கிழவர் அவனுடைய பயிற்சியாளர். அந்தத் தொழிலில் ஆளை ஆளோடு சேர்ப்பது எடை பார்த்துத்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எல்லை உண்டு, அரை இறாத்தல் கூடினாலும் ஏற்கமாட்டார்கள். அவனுடைய பிரிவு பாண்டம் என்ற சின்ன எடை. அதில் அவன் தன் நாட்டில் பட்டம் எடுத்திருந்தான். ஆனால் எலும்பு வளரும் வயது. உடம்பு அந்த எல்லைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. உடம்பிலிருந்து பிழிந்தெடுக்க இனித் தண்ணீர்தான் மிச்சம்.

சும்மா இருந்தால் வியர்வை நின்றுவிடும் என்று கிழவர் அவனை எழுப்பி நடக்கவிட்டார். நான் அப்போது விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் விரிப்புகள் படகுப் பாயைப்போல அகலம். தனி ஆளாக மடிக்க முடியாது. அண்ணை உருளையில் நின்றதால் எனக்கு மறுபக்கம் பிடிக்க ஆளில்லை. பெடியன் கேட்காமலே வந்து எதிரே நின்றான். இரண்டு மூலைகளையும் எறிந்தேன். அவன் பார்க்கவே இல்லை. கிழவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் வைத்தபடியே இரண்டு கையாலும் இரண்டு மூலையையும் பறித்தான். காற்றிலே பூச்சி பிடிக்கும் குருவியைப்போல. அவனுடைய தாய் ஊரில் மற்றவர்களுக்குத் துணி தோய்த்துக் கொடுப்பவவாம். சின்ன வயதிலேயே எதிரே நின்று மடித்துப் பழகியவன். அன்று பின்னேரம் முழுவதும் மடித்தோம். மூலைக்கு மூலை சரியாகப் பொருந்தும்.

அவனுடைய இங்கிலீஷ் எங்களுடையதைவிட உடைந்தது. அதனால் மூன்று பேருக்கும் நன்றாக விளங்கியது. அண்ணை அவனை 'மெக்சிக்கோத் தம்பி' என்றார். அவன் கழுத்தில் மாதாவின் பதக்கம் தொங்கியது. அதைக் கண்ட பிறகு அண்ணைக்கு அவன் சொந்தக்காரன் ஆகிவிட்டான். "ஓம் எண்டு சொல்லு பாப்பம்" என்றார். "ஓம், அண்ணை" என்றான். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த நாள் எடை பார்த்து முடிந்ததும் அவன் தனியாகக் கீழே ஓடி வந்தான். அண்ணையின் கோப்பையைத் தானே எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு மிகவும் மெதுவாகக் குடித்தான். தண்ணீர் குடிக்கும் ஒருவனைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். தொண்டை இறங்கி ஏறுவது வேறு ஏதோ ஒரு பிராணியின் தொண்டையைப்போல இருந்தது.

அந்தச் சண்டையில் அவன் வென்றான். அதைக் குழாயால் வந்த பத்திரிகையில் பார்த்தோம்.

சில வருடம் கழித்து இன்னொரு சண்டைக்காக அதே ஹோட்டலுக்கு வந்தான். இதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெரியவன் அம்மாவின் வயிற்றில். படியால் இறங்கி வந்தவனைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் வாயெல்லாம் பல். கன்னம் நிரம்பியிருந்தது. தோள் அகன்றிருந்தது.

"பாத்தியே, ஆள் உடம்பு வைச்சிட்டான். நல்லாய் இருக்கிறான்" என்றார் அண்ணை. அவனுடைய புயத்தைப் பிடித்துப் பார்த்தார். "கலியாணம் முடிச்சிட்டியோடா? ஆர் சமைச்சுப் போடுறது?"

அவன் சிரித்தான். பெதர் என்ற பிரிவுக்கு ஏறிவிட்டானாம். பெதர் என்றால் இறகு. எடை இறங்க முடியாமல் போனதால் ஏறினானாம்.

"வகுப்பேத்திவிட்டாங்கள் எண்டு சொல்லு" என்றார் அண்ணை என்னிடம். "பள்ளிக்கூடத்தில பாஸ் பண்ணின மாதிரி."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களுடைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஊரிலிருந்து வந்தவனை ஒரு வருடம் கழித்துக் கோயிலில் கண்டால், "உடம்பு வைச்சிட்டீர்" என்று சொல்வது அவனுக்கு நாங்கள் கொடுக்கும் நற்சான்றிதழ். மெலிந்து போனால் வீட்டில் ஏதோ துன்பம். மேலே போவது நல்லது, கீழே வருவது கெட்டது. வேறு விதமாக நினைக்க எங்களுக்கு ஆரும் கற்பிக்கவில்லை.

நாங்கள் அப்படிக் கொண்டாடும்போது கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. மெசினில் சாய்ந்து நின்று அண்ணையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இவன் எடையை மட்டும்தான் மேலே கொண்டுபோக முடியும். எலும்பை அல்ல. அங்கே காத்திருப்பவன் பிறக்கும்போதே அந்த அளவாகப் பிறந்தவன்."

நான் அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அண்ணை உருளைப் பக்கம் போய்விட்டார்.

இந்தமுறையும் எல்லைக்குள் வரக் கொஞ்சம் வியர்க்க வேண்டியிருந்தது. நானும் அவனும் மடித்தோம். மூலைகளைப் பிடித்தான். ஆனால் இப்போது என்னைப் பார்த்துப் பிடித்தான். மூக்கு கொஞ்சம் சரிந்திருந்தது. இடது காது மடங்கிக் கட்டியாகியிருந்தது.

அந்தச் சண்டையிலும் வென்றதாகத்தான் பத்திரிகை சொன்னது. அடுத்த நாள் அவனுடைய அறைத் துணி குழாயால் விழுந்தது. தலையணை உறையை எடுத்தவர் அண்ணை. இரத்தக்கறையை ஒருநாளும் சுடுதண்ணீரில் போடக்கூடாது, போட்டால் நூலோடு ஊறிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். அண்ணை வாளியில் ஊறவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கறை உறையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அவன் இடது கன்னத்தை வைத்துப் படுத்த பக்கம்.

"வெண்டவன்ரை தலையணை இப்பிடியெண்டால், தோத்தவன்ரை எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

பிறகு நாங்கள் அவனைப் பத்திரிகையில்தான் பின்தொடர்ந்தோம். விளையாட்டுப் பக்கம் துணிகளுக்குள் ஈரமாக, கசங்கி வரும். அண்ணை அதை உருளையில் கொடுத்து மினுக்கி எடுப்பார். பெதரில் ஒரு பட்டம் எடுத்தான். அதை இழந்தான். இன்னும் மேலே ஏறினான். அங்கே ஒரு தோல்வி. அடுத்த பிரிவுக்கு ஏறினான். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் இறங்கமுடியாத படியால் ஏறிக்கொண்டே போனான். ஒவ்வொரு பிரிவிலும் எதிரே நிற்பவன் இன்னும் உயரமாக இருந்தான். படங்களில் அது நன்றாகத் தெரிந்தது. முதல் படத்தில் இருவருடைய கண்ணும் நேருக்கு நேர். கடைசிப் படத்தில் அவன் அண்ணாந்து பார்க்கிறான்.

தொண்ணூறுகளின் நடுவில் மூன்றாம் முறை வந்தான். நாங்கள் அப்போது வடக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு கவுன்சில் வீட்டில் இருந்தோம். சின்னவள் பிறந்து சில மாதம். இந்தமுறை அவன் வியர்க்க வேண்டிய தேவையே இல்லை. லைட்வெயிட் என்ற பிரிவையும் தாண்டிப் போயிருந்தான். அவனுடைய பிரச்சினை இப்போது தலைகீழ். எதிராளி மிகவும் பெரியவன், இவன் எடை போதாமல் நின்றால் சண்டையே வேண்டாம் என்று அதிகாரிகள் மறித்துவிடலாம். அதனால் தின்ன வேண்டும்.

பழக்கத்தில் கீழே வந்திருந்தான். அண்ணை அவனைக் கட்டிப்பிடித்தார். "ராசா மாதிரி வந்திருக்கிறாயடா" என்றார்.

"ஓம்" என்றான்.

"எப்ப வந்தனி?"

"ஓம், அண்ணை."

அண்ணை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முதல் தரம் தமிழ் விளங்காமல் ஓம் சொன்னான், அது பகிடி. இப்போது நான் இங்கிலீஷில் கேட்டதற்கும் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஓம் என்றான்.

அடுத்த நாள் அம்மா அவனுக்கென்று சோறும் மீன்குழம்பும் முட்டைப் பொரியலும் கட்டித் தந்துவிட்டா. "பாவம், பிறநாட்டில சமைச்சுப் போட ஆளில்லை" என்றா. லோண்ட்ரி மேசையில் துவாய் விரித்து அவனுக்குச் சாப்பாடு வைத்தோம். ஒருகாலத்தில் ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க விடாத அதே கிழவர், "இன்னும் போடு, இன்னும் போடு" என்று பக்கத்தில் நின்றார். எங்களுக்கும் சந்தோசம். மனசார ஊட்டினோம். அவன் தட்டின் வலது பக்கத்துச் சோற்றை மட்டும் தின்று முடித்துவிட்டுக் கையை எடுத்தான். இடது பக்கத்தில் மீன்துண்டு அப்படியே இருந்தது. "மீன் பிடிக்கேல்லைப் போல" என்றார் அண்ணை. கிழவர் தட்டைத் திருப்பி வைத்தார். அவன் மீனையும் தின்றான்.

கிழவர் மேலே போனதும் அவன் எழும்பி விரிப்புக் கூடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மடிப்போம்" என்றான். முகத்தில் பழைய சிரிப்பு.

மூலைகளை எறிந்தேன். வலது மூலையைப் பிடித்தான். இடது மூலை அவனுடைய தோளில் பட்டுக் கீழே விழுந்தது. இருவரும் சிரித்தோம். திரும்ப எறிந்தேன். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறை நான் வலதை எறியவில்லை. இடதை மட்டும், மெதுவாக, குழந்தைக்கு எறிவதுபோல எறிந்தேன். அவனுடைய கை அசையவில்லை. துணி கன்னத்தில் பட்ட பிறகுதான் தலையை முழுவதுமாகத் திருப்பினான். வலது கண்ணால் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

பின்னால் உருளை நின்றுபோனது. அண்ணை அதை நிறுத்தியிருந்தார்.

"ஒண்டுமில்லை" என்று அவன் இங்கிலீஷில் சொன்னான். "இது கடைசிச் சண்டை. பிறகு கண் டாக்டரிடம் போவேன். நாளைக்கு மேலே டாக்டர் பார்ப்பார். கேள்விகள் எல்லாம் எனக்குப் பாடம். விரலை எந்தப் பக்கம் காட்டுவார் என்றும் தெரியும்." விரலை வாயில் வைத்துக் காட்டினான். "எனக்கு வேறு வேலை தெரியாது, அண்ணை. ஆருக்கும் சொல்ல வேண்டாம்."

"ஓம்" என்றார் அண்ணை.

அவன் போனபிறகு நானும் அண்ணையும் சண்டை பிடித்தோம். பத்து வருடத்தில் அதற்கு முன் ஒருநாளும் பிடித்ததில்லை.

"அண்ணை, இடப்பக்கத்தால வாற அடியை அவன் காணமாட்டான். செத்துப் போவான்."

"சொல்லாதை எண்டு கேட்டவன். நான் ஓம் எண்டிட்டன்."

"டாக்டரிட்ட ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

அண்ணை என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "ஊரில ஆமி எங்களை லைனில விட்டநேரம், முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள்ள இருந்தவனும் ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஆளைக் கண்டதும் தலையை மட்டும்தான் ஆட்டினவன். என்ரை தம்பி லைனில நிண்டவன். பிறகு அவனை நாங்கள் காணேல்லை." கையைத் துவாயில் துடைத்தார். "மேல இருக்கிறவங்களுக்கு ஆளைக் காட்டிக் குடுக்கிற வேலையை நான் செய்யமாட்டன். நீ செய்தாலும் என்ரை முகத்தில முழிக்காதை."

இது உங்களுக்கு விளங்காமல் போகலாம். நீங்கள் இங்கே பிறந்தவர்கள். ஒருவனுடைய நன்மைக்காக அதிகாரியிடம் சொல்வது உங்களுக்குச் சாதாரணம். எங்களுக்கு அந்தச் செயலுக்கு ஒரே பெயர்தான், காட்டிக்கொடுப்பு. அந்தப் பெயரை நானும் எடுக்க விரும்பவில்லை.

அதனால் டாக்டரிடம் போகாமல் கிழவரிடம் போனேன். துவாய் கொடுக்கும் சாட்டில் அவருடைய அறைக் கதவைத் தட்டினேன். அவனுக்கு ஒரு தகப்பன்போல நின்றவர், அவர் அறிந்தால் தானே நிறுத்திவிடுவார் என்பது என் எண்ணம். "ஐயா, அவனுக்கு இடது கண் தெரியவில்லை" என்றேன்.

அவர் "என்ன?" என்று கேட்கவில்லை. "எப்படித் தெரியும்?" என்றும் கேட்கவில்லை. துவாய்களை வாங்கிக் கட்டிலில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். "வேறு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

நான் படியால் இறங்கி வந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஹோட்டல் மண்டபத்தில் எடை பார்த்தார்கள். மேசைக்கு வெள்ளைத் துணியும் பெரிய துவாய்களும் கொண்டுவரச் சொல்லி மனேஜர் ஆள் அனுப்பினார். எடை பார்க்கும்போது உடுப்பைக் கழற்றுபவர்களுக்கு முன்னால் துவாயை விரித்துப் பிடிக்க ஆள் தேவை. அண்ணை வரமாட்டேன் என்றார். நான் போனேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். எதிராளியை அப்போதுதான் கண்டேன். வாட்டசாட்டமான, நல்ல முகமுள்ள இளம் பெடியன். இவனைக் கண்டு மரியாதையாகத் தலை குனிந்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மெக்சிக்கோத் தம்பி தராசில் ஏறினான். அம்மாவின் சோறும் சேர்ந்து எடை போதும் என்றார்கள். பலர் கை தட்டினார்கள். அடுத்து டாக்டர். டாக்டர் கவனமான மனிதர். இடது கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தார், திரும்பவும் அடித்தார். நெற்றியைச் சுருக்கினார். விரலைக் காட்டினார். இவன் பாடமாக்கியபடி சரியாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற கிழவர் ஏதோ பகிடி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் பேனையைக் கையில் எடுத்துவிட்டார்.

அவன் இன்னும் உள்ளுடுப்போடு குளிரில் நின்றான். கிழவர் என்னைப் பார்த்து, "துவாய்" என்றார். நான் அவனுடைய இடது பக்கத்தில் நின்றேன். கையில் கொடுக்கலாம். இரண்டு அடி போனால் போதும்.

நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல், ஒரு சத்தமும் போடாமல் துவாயை எறிந்தேன். விரிப்பு மூலையை எறிவதுபோல.

துவாய் அவனுடைய முகத்தில் அடித்தது. அடித்த பிறகுதான் அவனுடைய கை எழும்பியது.

டாக்டர் பேனையை மூடினார். பிறகு எழும்பி வந்து, தன்னுடைய சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, அவனுடைய வலது கண்ணை மெதுவாகப் பொத்தினார். "இப்போது எத்தனை விரல்?" என்றார்.

"ஓம்" என்றான் அவன்.

சண்டை நின்றது. கிழவர் என்னைக் கடந்து போகும்போது தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அது விளங்காதது நல்லதுதான். மெக்சிக்கோத் தம்பி என்னைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தானோ தெரியாது, நான் நின்றது அவனுடைய இடது பக்கம்.

கீழே வந்தபோது அண்ணைக்குச் செய்தி வந்துவிட்டது. "தலையை ஆட்டிப்போட்டாய்" என்றார். ஷிப்ட் முடியும்வரை இருவரும் பேசவில்லை.

அடுத்த நாள் காலை அவனுடைய அறைத் துணி குழாயால் வந்தது. மற்ற அறைகளின் துணி சுருண்டு, முறுகித்தான் வரும். ஹோட்டலை விட்டுப் போகும் எவரும் விரிப்பை மடித்துவிட்டுப் போவதில்லை. இது மடித்து, அதே துணியின் ஓரத்தால் கட்டி வந்தது. தனி ஆளாக, கட்டிலில் போட்டு மடித்திருக்க வேண்டும். வலது பக்கத்து மூலைகள் நூல் பிடித்ததுபோல் பொருந்தியிருந்தன. இடது பக்கம் கோணிப்போய், ஒரு கையகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணை அதை வாங்கிக் கனநேரம் மடியில் வைத்திருந்தார். அது நன்றியா, கோபமா, அல்லது பழக்கத்தில் செய்ததா என்று நாங்கள் இருவரும் பேசிப் பார்க்கவில்லை. "உதறிப் போடு" என்று என்னிடம் நீட்டினார். முந்தின நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. நான் உதறி மெசினுக்குள் போட்டேன். தலையணை உறை சுத்தமாக இருந்தது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நம்பினேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவன் ஊருக்குப் போயிருப்பான், தாயோடு இருப்பான், கண்ணுக்கு வைத்தியம் செய்திருப்பான் என்று.

குளிர்காலம் வந்தது. ஒருநாள் குழாயால் விழுந்த துணிக்குள் ஒரு பத்திரிகை. அண்ணை வழக்கம்போல விளையாட்டுப் பக்கத்தை உருளையில் கொடுத்து எடுத்தார். எடுத்தவர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் ஒரு சின்னப் படம். வேறொரு நாட்டில், எவரும் கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்க்காத ஏதோ ஒரு ஊரில், அவன் இன்னும் ஒரு பிரிவு மேலே ஏறிச் சண்டைக்கு நிற்கப்போகிறான். எதிராளியின் நெஞ்சளவுதான் இருந்தான். நல்ல உடம்பு. கழுத்தில் மாதா. தலையை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பி, தோளுக்கு மேலால் பார்ப்பதுபோல நின்றான். அது அவனுடைய புதிய பாணி, எதிராளியைக் குழப்பும் தந்திரம் என்று கீழே எழுதியிருந்தது.

முடிவு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அல்லது வந்து, வேறு எவருடைய துணியோடோ வேறு எங்கேயோ போய்விட்டது. அண்ணை அதற்குப் பிறகு விளையாட்டுப் பக்கத்தை மினுக்குவதை விட்டுவிட்டார். ஞாயிறு பூசையில் அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். உயிரோடு இருப்பவர்களுக்குக் கொளுத்தும் பக்கத்திலா, மற்றப் பக்கத்திலா என்று நான் கேட்டதில்லை.

பெரியவன், நீ கேட்ட காரணம் இதுதான். உனக்குக் கோபம் ஆறாவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை விரிப்புகளைத் தோய்க்கப் போடுகிறேன். வந்து ஒரு பக்கம் பிடி. முதலில் இடது மூலையைத்தான் எறிவேன்.